எட்டு வருடம் கழித்து ஒரு நல்வரவு

எங்கள் ஊர் குடுமியான்மலை என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் உடனே இசைக் கல்வெட்டைப் பற்றிக் கேட்பார்கள். "அதைப் பற்றி ஒரு நாள் விரிவாக எழுதுகிறேன்" என்று சொல்லியே காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேன். இந்த முறையும் அப்படித்தான், மன்னிக்கவும் :-) இன்றைக்கு எழுதப் போவது மின்னஞ்சலைப் பற்றி. பி.காம். படிக்கிறவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். போன வருஷம் ஆடி மாதம் நான் செய்த ஒரு தவறும், அதில் கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

புதுக்கோட்டையில் என் மாமா ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். 2017-இல் இருந்து சென்னை, பெங்களூர், கோவை என்று வெளியூருக்கும் பார்சல் போகிறது. ஆர்டர் கொடுத்தவர்கள், கடைக்கு வந்து முகவரி எழுதிக் கொடுத்தவர்கள், ஒரு கண்காட்சியில் நோட்டில் பெயர் எழுதியவர்கள் என்று எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியும் ஒரே எக்செல் கோப்பில் கிடந்தது. மொத்தம் 1,180 பேர்.

"மாப்ள, நீ காமர்ஸ்தானே படிக்கிற? புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கேன். தானா மெயில் அனுப்புமாம். என்னன்னு பாத்து வை" என்றார் மாமா. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அது எப்படி வேலை செய்கிறது?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

இதை ஆட்டோமேஷன் என்றும் ஒர்க்ஃப்ளோ என்றும் சொல்கிறார்கள். ஒருவர் பட்டியலில் சேர்ந்ததும் முதல் மடல், மூன்று நாள் கழித்து இரண்டாவது, ஒரு வாரம் கழித்து மூன்றாவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். இந்தச் சங்கிலியைத் தொடங்கி வைக்க ஒரு நிகழ்ச்சி தேவை. அதற்குப் பெயர் ட்ரிகர். பட்டியலில் புதிதாகச் சேர்வது ஒரு ட்ரிகர். முதல் ஆர்டர் போடுவது இன்னொன்று. ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டேக் ஒட்டுவதும் ட்ரிகர்தான்.

நான் நான்கு மடல்கள் எழுதினேன். முதல் மடலின் தலைப்பு "எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு!". அதில் முதல் ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். இரண்டாவது மடல், மூன்று நாளில் எதுவும் வாங்காதவர்களுக்கு மட்டும்: "எங்களை மறந்துவிட்டீர்களா?" மூன்றாவது செக்கின் கதை. நான்காவது, எண்ணெய் எப்படி இருந்தது என்று கருத்து கேட்பது. எல்லாம் தயார் செய்து, பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை.

நடக்காது என்பது பிறகுதான் புரிந்தது. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்க ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறோம், அவள் தாமதமாக வந்து சேருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வந்த பிறகு வாசலைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் பன்னீர். ஏற்கெனவே பந்தலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டவர்களுக்குக் கிடையாது. நம் 1,180 பேரும் எப்போதோ உள்ளே போய் உட்கார்ந்தவர்கள். அவர்கள் சேர்ந்த நாளில் இந்த ட்ரிகர் இல்லை.

இப்படிப் பழையவர்களுக்கும் தொடரை ஓட வைக்கப் பல வழிகள் உண்டு. ஹப்ஸ்பாட் போன்ற மென்பொருள், தொடரை இயக்கும்போதே "நிபந்தனைக்குப் பொருந்தும் பழையவர்களையும் சேர்க்கட்டுமா, இனி வருபவர்கள் மட்டும் போதுமா?" என்று கேட்டுவிடும். சிலவற்றில் டேக் ஒட்டுவதை ட்ரிகராக வைத்து, பழையவர்கள் எல்லோருக்கும் மொத்தமாக அந்த டேக்கை ஒட்டலாம். இன்னும் சிலவற்றில், பதிவு திருத்தப்படும்போது இயங்குமாறு விதியை எழுதி, ஏதாவது ஒரு கட்டத்தை எல்லோருக்கும் மாற்றிவிடலாம். அதாவது உள்ளே இருப்பவர்களையெல்லாம் எழுப்பி வெளியே அனுப்பி, மறுபடி வாசல் வழியாக வரச் சொல்வது.

நான் இரண்டாவது வழியைப் பிடித்தேன். "புதியவர்" என்று ஒரு டேக். ஒரு ஞாயிறு இரவு 11 மணிக்கு, 1,180 பேரையும் தேர்ந்தெடுத்து, ஒரே அமுக்கு. சாதித்துவிட்ட திருப்தியோடு தூங்கப் போனேன்.

மறுநாள் காலை

164 மடல்கள் திரும்பி வந்திருந்தன. மாறிப்போன அலுவலக முகவரிகள், மூடப்பட்ட கணக்குகள், நோட்டில் இருந்த கையெழுத்து புரியாமல் தப்பாகத் தட்டச்சு செய்தவை. இதை நான் எதிர்பார்க்கவில்லை என்றாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன! இரண்டு நாளில் 41 ஆர்டர், 57,400 ரூபாய்க்கு. மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

மாமா பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவங்க எல்லாம் மாசாமாசம் வாங்குறவங்கதானே மாப்ள. இவங்களுக்கு எதுக்கு முதல் ஆர்டர் தள்ளுபடி?"

உண்மைதான். கூப்பனை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டிருந்தேன். எப்படியும் வாங்கியிருக்கக் கூடியவர்களுக்கு 5,740 ரூபாயைச் சும்மா கொடுத்திருக்கிறோம். செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று என் பி.காம். மூளை யோசித்தது.

பணம் போனால் போகட்டும். அன்று மாலை இரண்டு பதில் மடல்கள் வந்தன.

முதலாவது, ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியரிடமிருந்து. "தம்பி, 2017 தீபாவளியிலிருந்து உங்கள் கடையில்தான் எண்ணெய் வாங்குகிறேன். இன்றைக்குத்தான் எனக்கு நல்வரவு சொல்கிறீர்கள். இத்தனை நாள் நான் யாராக இருந்தேன்?" அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

இரண்டாவது, ஒரு மகன் எழுதியது. அவருடைய அப்பா பெயரில்தான் கணக்கு. அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அப்பாவின் முகவரிக்கு வரும் மடல்களை அவர்தான் பார்க்கிறார். "தயவுசெய்து இனிமேல் அனுப்ப வேண்டாம்" என்று மட்டும் கேட்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் உடனே மன்னிப்புக் கேட்டு என் கைப்பட எழுதினேன். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்தேன். தொடரை நிறுத்தலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆர்டர் வந்துகொண்டிருந்ததால் நிறுத்தவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

புதன்கிழமை இரவு இரண்டாவது மடல் போனது. மூன்று நாளில் எதுவும் வாங்காதவர்களுக்கு. அந்த அப்பாவின் முகவரிக்கும்.

"எங்களை மறந்துவிட்டீர்களா?"

நான் மகனிடம் மன்னிப்புக் கேட்டேனே தவிர, அந்த முகவரியைத் தொடரிலிருந்து எடுக்கவில்லை. நான் பேசியது மனிதரிடம். மென்பொருளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த முறை மகனிடமிருந்து பதில் வரவில்லை. மாமாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "மொதல்ல அதை நிறுத்து" என்றார். அப்போதுதான் நிறுத்தினேன்.

அம்மாச்சியின் நோட்டு

அந்த வாரம் அம்மாச்சி வீட்டில் மொய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் பிறந்த வீடு வடகாடு பக்கம். வெளி மாவட்டத்து நண்பர்களுக்காக: எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம், அதை ஒட்டித் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி பக்கமும், ஆடி ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் தேவையில்லை. மொய் வாங்குவதற்கென்றே விருந்து. பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் செலவைப் பகிர்ந்துகொண்டு கறிச்சோறு போடுவார்கள். வருகிறவர்கள் அவரவருக்குச் செய்ய வேண்டிய மொய்யை எழுதிவிட்டுப் போவார்கள். வாங்கியவர் பிறகு அவர்கள் வைக்கும் விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும், பெரும்பாலும் கொஞ்சம் கூட்டி. ஒருவர் ஒரு முறை விருந்து வைத்தால் அடுத்தது ஐந்து வருடம் கழித்துத்தான் என்பது வழக்கம். வட்டியில்லாக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் கிணறு வெட்டியவர்கள், கடை போட்டவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு.

விருந்து வைப்பவர் பத்திரிகை கொடுக்கும் முன்பு செய்யும் முதல் வேலை, பழைய நோட்டை எடுத்துப் பார்ப்பது. அம்மாச்சியிடம் என் கதையைச் சொன்னேன். மின்னஞ்சல் அவருக்குத் தெரியாது, ஆனால் விஷயம் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"நோட்டைப் பாக்காம யாராச்சும் பத்திரிகை வைப்பாங்களாடா? இவருக்கு நாம செஞ்சிருக்கோமா, அவர் திருப்பிச் செஞ்சுட்டாரா, ஆள் இருக்காரா, இல்ல மகன் பேருக்கு மாறிருச்சா, எல்லாம் பாத்துத்தானே போவோம். நீ பேரை மட்டும் பாத்துட்டுப் போயிருக்க."

என்னிடம் இருந்த எக்செல் கோப்பில் பெயரும் முகவரியும்தான் இருந்தன. ஆர்டர் விவரம் எல்லாம் மாமாவின் பில் கணினியில் தனியாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை நான் ஒதுக்கவில்லை.

பாடப் புத்தகத்தில் இருந்த பதில்

வேடிக்கை என்னவென்றால், இதற்கான பதில் என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. கணக்கியல் தரநிலைகளில் இன்ட் ஏஎஸ் 8 என்று ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் தன் கணக்கியல் கொள்கையை மாற்றினால் பழைய கணக்குகளை என்ன செய்வது என்று சொல்வது. பொது விதி, புதிய கொள்கையைப் பின்னோக்கிப் பொருத்த வேண்டும் என்பது. அதாவது அந்தக் கொள்கை ஆரம்பத்திலிருந்தே இருந்திருந்தால் கணக்கு எப்படி இருந்திருக்குமோ, அப்படித் திருத்தி, ஆரம்ப இருப்பை மாற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். பழைய வருடத்து விஷயத்தை இன்றைய தேதியில் நடந்ததாக எழுதக் கூடாது. அப்படிப் பின்னோக்கிப் போக வழியே இல்லாத இடத்தில், முடிந்த அளவு முந்தைய தேதியிலிருந்து தொடங்கலாம்.

தேர்வில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். மின்னஞ்சலில் அதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறேன். நல்வரவு மடல் 2017-லேயே இருந்திருந்தால், அந்த ஆசிரியர் அதை 2017 தீபாவளிக்கே வாங்கியிருப்பார். நான்கு மடலும் அந்த வருடமே முடிந்திருக்கும். இன்றைக்கு அவர் நிற்க வேண்டிய இடம் தொடரின் முடிவு. நான் அவரைத் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். எட்டு வருட உறவின் ஆரம்ப இருப்பைச் சைபர் என்று எழுதிவிட்டேன். அவர் "நான் யாராக இருந்தேன்" என்று கேட்டதற்கு அதுதான் அர்த்தம் என்று இப்போது தோன்றுகிறது.

பெரிய இடத்திலும் இப்படித்தான்

பழைய பட்டியலை மொத்தமாகக் கிளறிச் சிக்கியவர்களில் நான் முதல் ஆள் இல்லை. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டம் 2018 மே 25-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே பல நிறுவனங்கள் தங்கள் பழைய பட்டியலைச் சுத்தம் செய்யக் கிளம்பின. ஃப்ளைபி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் 2016-இல், "உங்கள் விவரங்கள் சரிதானா?" என்று கேட்டு 33 லட்சத்துக்கும் மேல் மடல் அனுப்பியது. அனுப்பியது யாருக்கு? "எங்களுக்கு விளம்பரம் அனுப்பாதே" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டவர்களுக்கு! பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2017 மார்ச்சில் 70,000 பவுண்டு அபராதம் போட்டது. அனுமதி கேட்கும் மடலும், வேண்டாம் என்றவருக்குத் தொந்தரவுதான்.

இந்தியாவிலும் இது வருகிறது. 2023-ஆம் வருடத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே சம்மதம் கொடுத்தவர்களுக்கும், இயன்ற விரைவில் ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது. உங்களிடமிருந்து இன்ன தகவல் வைத்திருக்கிறோம், இதற்காக வைத்திருக்கிறோம், வேண்டாமென்றால் இப்படித் திரும்பப் பெறலாம் என்று. அதைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. ஆக, பட்டியல் வைத்திருக்கும் ஒவ்வொரு கடைக்காரரும் தன் பழைய ஆட்களுக்கு ஒரு முறை மடல் அனுப்பும் நாள் வரப்போகிறது. எத்தனை பேர் நோட்டைப் பார்த்துவிட்டு அனுப்பப் போகிறார்களோ.

இன்னொரு காரணமும் உண்டு. கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. ஒரே அமுக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. மாமா கடை அவ்வளவு பெரிய இடம் இல்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.3 சதவீதம் என்றால் ஆயிரம் பேரில் மூன்று பேர். மூன்று பேர் கோபப்படும் மடல் என்பது மிகவும் சுலபமாக எழுதக்கூடியது. நானே எழுதியிருக்கிறேன்.

பிறகு என்ன செய்தோம்

திரும்பி வந்த 164 முகவரிகளை முதலில் எடுத்தோம். மீதி 1,016. பில் கணினியோடு ஒப்பிட்டு மூன்றாகப் பிரித்தோம். கடந்த ஒரு வருடத்துக்குள் வாங்கியவர்கள் 312. ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் 398. அதற்கும் முந்தையவர்களும் வாங்கியதே இல்லாதவர்களும் 306.

முதல் பிரிவுக்குத் தொடர் எதுவும் கிடையாது. மாமா பெயரில் ஒரு நன்றி மடல், நடந்த குழப்பத்துக்கு ஒரு வரி மன்னிப்பு. இரண்டாம் பிரிவுக்கு, கடையில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு மடல். மூன்றாம் பிரிவுக்கு ஒரே கேள்வி: "உங்கள் முகவரி எங்களிடம் இருக்கிறது. தொடர்ந்து எழுதலாமா?" பதில் சொல்லாதவர்களை ஒரு மாதம் பார்த்துவிட்டு எடுத்துவிடுவது என்று முடிவு. எதையும் மொத்தமாக அனுப்பவில்லை. ஒரு நாளைக்கு 50 பேர். பதில் வந்தால் படித்துவிட்டுத்தான் அடுத்த 50.

நல்வரவுத் தொடரை இனிமேல் சேருகிறவர்களுக்கு மட்டும் வைத்தோம். கூப்பன் பழைய கணக்கில் செல்லாது. தொடரின் ஒவ்வொரு படியிலும், வெளியேறும் நிபந்தனை ஒன்றைச் சேர்த்தேன். யாராவது பதில் மடல் எழுதினால் தொடர் அங்கேயே நின்றுவிடும். ஒரு மனிதர் பேச ஆரம்பித்த பிறகு இயந்திரம் பேசக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

உங்களில் யாராவது கல்லூரி விழாவுக்கோ, பழைய மாணவர் சங்கத்துக்கோ இந்த வேலையைச் செய்ய நேர்ந்தால், மொத்தமாக டேக் ஒட்டும் முன்பு மூன்று விஷயம் பாருங்கள். இந்த மடல் அன்றே இருந்திருந்தால் இவர் இன்று எந்தப் படியில் இருப்பார்? இவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரா? யாராவது ஒருவரை மட்டும் உடனே வெளியே எடுக்க வேண்டுமென்றால் எங்கே அமுக்க வேண்டும்? மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு, முதலில் பத்துப் பேருக்கு அனுப்பிப் பாருங்கள்.

ஆசிரியர் ஆவணியில் மறுபடி ஆர்டர் போட்டார். ஐந்து லிட்டர் கடலை எண்ணெய், கூப்பன் இல்லாமல். மாமா பார்சலில் ஒரு சிறு காகிதத்தில் ஏதோ எழுதி வைத்தார், எனக்குக் காட்டவில்லை.

அந்த மகனிடமிருந்து இன்று வரை எதுவும் இல்லை. அவர் அப்பாவின் முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அதோடு, இனி யார் எந்தக் கோப்பை ஏற்றினாலும் மடல் போகாத தடைப்பட்டியலிலும் சேர்த்துவிட்டேன். ஏன் என்று எழுத அதில் ஒரு கட்டம் இருந்தது. "காலமாகிவிட்டார்" என்று தட்டச்சு செய்தேன். அம்மாச்சி தன் நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்.

பி.கு: இசைக் கல்வெட்டுப் பற்றி அடுத்த கட்டுரையில் கட்டாயம் எழுதுகிறேன். செமஸ்டர் முடியட்டும்.